சிறு திகில் விளையாட்டுகள் எதனால் பயமுறுத்துகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கேம் உருவாக்கம் கற்கும் கல்லூரி மாணவர்களும், அவர்களுடைய பெற்றோர் சிலரும், ஏற்காட்டை வைத்து ஒரு திகில் விளையாட்டு செய்யத் துடிக்கும் இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிறு திகில் விளையாட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் பணமும் உத்தரவும் இல்லாமல், ஒருவர் தனியாகவோ சிலர் சேர்ந்தோ செய்யும் விளையாட்டுகளைச் சொல்கிறேன். இருண்ட காட்டில் எட்டுத் தாள்களைத் தேடும் ‘ஸ்லெண்டர்’ 2012-இல் இலவசமாக வெளிவந்தது. சுவீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2010-இல் வெளியிட்ட ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ சற்றுப் பெரியது, ஆனாலும் அது ஒரு சிறு குழுவின் வேலைதான்.

கோடிகளைக் கொட்டிச் செய்த விளையாட்டைவிட ஒற்றை ஆள் செய்தது அதிகமாகப் பயமுறுத்துவது எப்படி?

பணம் குறைவாக இருப்பதாலேயே பயம் கூடிவிடாது. இணையத்தில் இலவசமாகக் கிடக்கும் எண்ணற்ற சலிப்பூட்டும் திகில் விளையாட்டுகளே அதற்குச் சாட்சி. வெற்றி பெற்றவற்றைக் கூர்ந்து பார்த்தால், செய்தவரிடம் எது இல்லையோ அதை விளையாடுபவரிடமிருந்தும் பறித்துவிடும் சாமர்த்தியம் அவற்றில் தெரியும். அப்படிப் பறிப்பதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணமும் இருக்கும்.

டேவிட் ஷிமான்ஸ்கி 2022-இல் வெளியிட்ட ‘அயர்ன் லங்’ இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு. இரத்தக் கடல் ஒன்றின் அடியில், துருப்பிடித்த சிறிய நீர்மூழ்கிக்குள் உங்களை வைத்து மூடிவிடுகிறார்கள். முன்பக்கச் சன்னல் அடைக்கப்பட்டிருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. வரைபடத்தையும் திசை எண்களையும் பார்த்துக் கலத்தை ஓட்ட வேண்டும், வெளியே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் கலத்தின் மறுகோடிக்கு நடந்துபோய் ஒரு பொத்தானை அழுத்தி, மங்கலான ஒரு நிழற்படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு முழுக் கடலை முப்பரிமாணத்தில் உருவாக்கும் வசதி தனி ஆளுக்குக் கிடையாது. அந்தக் குறையே இங்கே விளையாட்டின் விதியாகிவிடுகிறது: கடலை உருவாக்க முடியாதவர், கடலைப் பார்க்க முடியாத நிலையில் உங்களை வைத்துவிட்டார்.

ஸ்காட் காதன் 2014-இல் செய்த ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்’ விளையாட்டிலும் இதே கணக்குதான். இரவுக் காவலாளியான உங்களால் நாற்காலியை விட்டு எழவே முடியாது. கண்காணிப்புக் கேமராக்களைப் பார்க்கலாம், இரண்டு கதவுகளை மூடலாம், விளக்கைப் போடலாம். ஒவ்வொன்றும் மின்சாரத்தைத் தின்னும், காலை ஆறு மணிக்கு முன் அது தீர்ந்துவிட்டால் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும். கேமராவைப் பார்க்காவிட்டால் உங்களைத் தேடி நடந்துவரும் இயந்திரப் பொம்மை எங்கே வந்திருக்கிறது என்று தெரியாது, பார்த்துக்கொண்டே இருந்தால் மின்சாரம் போய்விடும். இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு இரவைக் கழித்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய முதலீட்டில் செய்யப்படும் விளையாட்டு இலட்சக்கணக்கானோரைப் பத்து, இருபது மணி நேரம் பிடித்துவைக்க வேண்டியிருப்பதால், சண்டை, ஆயுத மேம்பாடு, துணைக்கதை என்று பலவற்றையும் சேர்த்தாக வேண்டும். அவை ஒவ்வொன்றும் விளையாடுபவருக்குத் தெம்பு தருபவை. சிறு விளையாட்டு ஒரே ஒரு பயத்தை எடுத்துக்கொண்டு அதோடு நின்றுவிடலாம். யாருக்குப் பிடிக்காமல் போகும் என்று கவலைப்படத் தேவையில்லை.

பழைய பிளேஸ்டேஷன் கால கிராபிக்ஸை ஏன் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள்? வெறும் ஏக்கம்தானா?

ஏக்கம் ஒரு பங்கு. ஆனால் அதற்குமேல் வேலை நடக்கிறது. முதல் பிளேஸ்டேஷன் கருவி, உருவங்களைக் கட்டும் முக்கோணங்களின் முனைகளை நுட்பமான பின்னக் கணக்கில் வைக்காததால் உருவங்கள் அசையும்போது முனைகள் துள்ளும்; ஆழத்தைச் சரியாகக் கணக்கிடாமல் படங்களை ஒட்டியதால் சுவரும் தரையும் கோணலாக நெளியும். அன்றைக்கு அது குறை. இன்றைக்கு அதைச் செயற்கையாக வரவழைப்பவர்கள், நிலையாக நிற்க வேண்டிய சுவர்கூட நிலையாக நிற்காத ஓர் உலகத்தைக் கட்டுகிறார்கள். தூரத்தில் தெரியும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் முகமா, மரப்பட்டையா என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். நுணுக்கமாக வரைந்த பேயிடம் அந்தத் தேடலுக்கு வேலையில்லை.

மூடுபனியும் இப்படி வந்ததுதான். 1999-இல் வந்த ‘சைலன்ட் ஹில்’ (அது சிறு நிறுவனத்தின் படைப்பு அல்ல) அந்தக் கருவியால் தொலைவிலுள்ள கட்டடங்களை வரைய முடியாத நிலையை மறைக்கவே ஊர் முழுதும் பனியைப் போர்த்தியது. ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மார்கழி இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு அதன் பலன் தெரியும்: விளக்கு வெளிச்சம் பனியிலேயே முட்டித் திரும்பிவிட, அடுத்த வளைவு இருக்கிறது என்று தெரிந்தும் அது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வண்டி ஊர்ந்து போகும். அதே வேகத்தில்தான் பனிக்குள் நடக்கும் விளையாட்டுக்காரரும் நடப்பார்.

வெகு தொலைவுக்குப் பின்னோக்கிப் போனவர்களும் உண்டு. ‘ஃபெய்த்’ 1980-களின் தொடக்ககால விளையாட்டுகளைப் போல, நாலைந்து நிறங்களில் குச்சி மனிதர்களைக் காட்டுகிறது; அதில் பேசும் குரல்கள் 1982-ஆம் ஆண்டின் ‘சாம்’ என்ற பேச்சு மென்பொருளிலிருந்து வருபவை. அந்த உணர்ச்சியற்ற கரகரப்பை எந்த நடிகராலும் தந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். போலந்தைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் எம்எஸ் பெயின்ட்டிலேயே வரைந்த ‘வேர்ல்ட் ஆஃப் ஹாரர்’ கறுப்பு வெள்ளையிலேயே வேலையை முடித்துக்கொள்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய விஎச்எஸ் வீடியோ நாடாவின் கோடுகளையும் மங்கலையும் மேலே தூவிவிட்டால் திகில் வந்துவிடும் என்று நம்பிச் செய்யப்படும் விளையாட்டுகள் இப்போது மலிந்துவிட்டன. மங்கலுக்குள் தேடுவதற்கு ஏதாவது இருந்தால்தான் மங்கல் பயன்படும்.

திடீரென்று அலறலோடு முகத்தில் பாயும் ஜம்ப் ஸ்கேர் மட்டமான உத்தியா?

உத்தியில் மட்டமில்லை, விலை மலிவு என்பதால் எல்லோரும் அள்ளிப் போடுகிறார்கள். ஜம்ப் ஸ்கேர் தருவது அதிர்ச்சி. அது சில வினாடிகளில் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் உடல் தளர்ந்துவிடும். ஆகவே பத்து நிமிடம் கட்டிய பதற்றத்தை ஒரு நொடியில் செலவழித்துவிடுகிறீர்கள். ஃப்ரெடிஸில் அது எடுபடுவதற்குக் காரணம், அங்கே பாய்ச்சல் என்பது தோல்விக்கான தண்டனை. நீங்கள் எடுத்த தவறான முடிவின் முடிவில்தான் அது வரும். அதனால் வராத நேரமெல்லாம் அது வரும் என்ற அச்சத்தில் கழிகிறது. ‘டார்க்வுட்’ (2017) இந்த உத்தியை நம்பாமலே இயங்குகிறது: மேலிருந்து பார்க்கும் அந்த விளையாட்டில், உங்கள் ஆள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறானோ அந்தப் பக்கத்துக் கூம்பு வடிவப் பார்வைக்குள் வருவது மட்டுமே தெரியும், இரவில் வீட்டுக்குள் பதுங்கியிருக்கும்போது முதுகுப்பக்கத்துக் கதவு திறக்கும் ஓசை கேட்கும்.

ஒலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்?

திரைப்படத்தில் ஒலி உணர்ச்சியைத் தூண்டினால் போதும். விளையாட்டில் அது செய்தியும் ஆகிறது. கேட்டதை வைத்துத்தான் இடப்பக்கம் போவதா, அலமாரிக்குள் ஒளிவதா என்று ஒருவர் முடிவெடுக்கிறார். அதனால் ஓர் ஓசைக்கு என்ன பொருள் என்பதை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும், கற்றுக்கொடுத்த பிறகே அதை வைத்து அச்சுறுத்த முடியும்.

கொலுசை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் கொலுசுச் சத்தம் கேட்டால் பேய் என்பது தமிழில் அரைத்த மாவாகி, இன்று கேட்டதும் சிரிப்பு வருகிறது. ஆனால் கொலுசு செய்வதையே தொழிலாகக் கொண்ட சேலத்தில், செவ்வாய்பேட்டையின் ஒரு வெள்ளிப் பட்டறைக்குள் கதை நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்த ஓசை வேலையின் ஓசை. விளையாடுபவர் இரவு முழுவதும் கொலுசுகளை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, எடை போட்டு, சோடி சேர்க்கிறார். அவர் கை அசையும்போதுதான் சத்தம் வருகிறது என்பது அவருக்குப் பழகிவிடுகிறது. மூன்றாவது இரவில் அவர் கையை எடுத்த பிறகும் சத்தம் ஒரு நொடி நீடிக்கட்டும். புதிதாக ஓர் ஒலிக்கோப்புகூடத் தேவையில்லை.

நிற்கும் ஓசையும் அப்படியே. இளம்பிள்ளை பக்கத்து விசைத்தறிக்கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் அந்த இரைச்சலைக் காது மறந்துவிடும். ஆளில்லாத அடுத்த அறையில் ஒரு தறி மட்டும் நின்றால், அதை யாரோ நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை மொழி தெரியாதவர்கூடப் புரிந்துகொள்வார். தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் பின்னணி இசையால் ஒவ்வொரு நொடியையும் நிரப்பிவிட்டு, எதையும் நிறுத்துவதற்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

ஒலிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நல்ல கைபேசியும் காற்றைத் தடுக்கும் ஒரு துண்டுத் துணியும் இருந்தால் போதும். இரும்பு ஷட்டர், ஈரமான காப்பித்தோட்டச் சருகு, மரப்படி ஆகியவற்றைப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் பாருங்கள். ஏற்காட்டில் இரவில் பதிவுசெய்யப் போகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும். அங்கே தோட்டத்துக்குள் நிற்கும் காட்டெருமை நிஜமானது.

கதாபாத்திரத்தின் கையில் ஆயுதம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அதை எண்ணிப் பார்க்க வைக்கும் அளவுக்குக் குறைவாக. அம்னீசியாவில் ஆயுதமே கிடையாது, ஓடலாம், ஒளியலாம். இருளில் நின்றால் மனநிலை சிதையும், விளக்கைப் பிடித்தால் எண்ணெய் தீரும், துரத்தும் பிறவியை உற்றுப் பார்த்தாலே மனம் தடுமாறும். இதனால் விளையாடுபவர் தன் எதிரியைச் சரியாகப் பார்க்காமலேயே பல மணி நேரம் கழிக்கிறார். உருவங்களை வரையும் கலைஞருக்கும் வேலை மிச்சம்.

பேயே வராமல் திகில் விளையாட்டு செய்ய முடியுமா?

முடியும் என்பதற்கு 2023-இல் ஜப்பானிலிருந்து வந்த ‘தி எக்சிட் 8’ போதும். வெள்ளை ஓடு பதித்த ஒரு சுரங்கப்பாதை மீண்டும் மீண்டும் வருகிறது. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் திரும்பிப் போக வேண்டும், எதுவும் மாறவில்லையென்றால் முன்னேற வேண்டும். சில மாற்றங்கள் ஆளை மிரட்டுபவை என்றாலும் பெரும்பாலானவை சிறியவை: ஒரு சுவரொட்டி, ஒரு கதவுப்பிடி. எதுவும் மாறாத சுற்றில்தான் மனம் அதிகம் வதைபடுகிறது, ஏனெனில் மாறவில்லை என்று உறுதியாகச் சொல்லவே முடியாது. உருவாக்க வேண்டிய இடமோ ஒரே ஒரு நடைபாதை. முதல் விளையாட்டு செய்யும் மாணவர்களுக்கு இந்த அமைப்பைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். சேலம் சந்திப்பு இரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தையோ விடுதித் தாழ்வாரத்தையோ நினைத்துக்கொண்டு தொடங்கலாம்.

ஏற்காட்டையும் சேர்வராயன் மலையையும் வைத்து விளையாட்டு செய்தால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா?

புரியும். சுவிட்சர்லாந்தின் மிஷெல் ஸீக்லர் தன் நாட்டின் ஒரு மலையை வைத்து ‘முண்டாவுன்’ என்ற விளையாட்டை 2021-இல் வெளியிட்டார். எல்லாப் பரப்புகளையும் தாளில் பென்சிலால் கையாலேயே வரைந்து, ஸ்கேன் செய்து, முப்பரிமாண உருவங்களின்மேல் ஒட்டினார். பாத்திரங்கள் பேசுவது ரோமான்ஷ் மொழி. அந்நாட்டின் நான்கு தேசிய மொழிகளில் மிகச் சிலரே பேசுவது அதுதான். உலகச் சந்தைக்காக ஆங்கிலக் குரலுக்கு அவர் மாறவில்லை. வசன வரிகளைப் படித்துக்கொண்டே உலகெங்கும் அதை விளையாடினார்கள்.

தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017-இல் வெளியிட்ட ‘டிடென்ஷன்’ இன்னும் ஆழமாகப் போனது. 1960-களில் இராணுவச் சட்டம் நடப்பிலிருந்தபோது ஒரு மலைப்பள்ளியில் தடைசெய்யப்பட்ட நூல்களைப் படித்த மாணவர்களின் கதை அது. அங்கே பேய்கள் உண்டு. ஆனாலும் ஒருவர் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்த உண்மையே அடியில் கிடந்து உறுத்துகிறது. இந்தோனேசியாவின் ‘ட்ரெட்அவுட்’ (2014) அந்நாட்டுப் பேய்களையே கைபேசிக் கேமராவால் எதிர்கொள்ள வைத்தது. இவர்களில் யாரும் பனி மூடிய அமெரிக்கச் சிற்றூரை இரவல் வாங்கவில்லை.

ஆகவே ஏற்காட்டைப் பின்னணிப் படமாக மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே சிலுவையும் வெள்ளை அங்கியும் கொண்ட மேலைநாட்டுப் பேயை உலவ விடுவது வீண் வேலை. அந்த மலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: சில்வர் ஓக் மரங்களின்மேல் படரும் மிளகுக் கொடி, நிழலுக்குக் கீழே காப்பிச் செடிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய தோட்டங்கள், அவற்றில் தலைமுறைகளாக உழைத்தவர்களின் குடியிருப்புகள், கைமாறிக் கைமாறிப் பூட்டிக் கிடக்கும் பங்களாக்கள். தோட்டக் கணக்குப்பிள்ளையின் பழைய பேரேட்டில் ஒரு பெயருக்கு மட்டும் இறந்த பிறகும் கூலி பதிவாகிக்கொண்டே இருக்கிறது என்று வைத்தால், அது அந்த மண்ணிலிருந்து எழும் கதை.

இங்கே ஓர் எல்லையும் தேவை. குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயில், அங்கு வாழும் ‘மலையாளி’ என்ற பழங்குடி மக்கள் இன்றும் வழிபடும் தெய்வத்தின் இருப்பிடம். மே மாதத் திருவிழாவுக்கு மலையெங்கிருந்தும் மக்கள் கூடுகிறார்கள். அந்தக் குகையை அரக்கனின் வாயாகவும் அம்மக்களை நரபலி கொடுப்பவர்களாகவும் காட்டும் விளையாட்டு யோசனைகள் என்னிடம் வந்திருக்கின்றன. நான் அவற்றை ஏற்பதில்லை. மரியாதைக் குறைவு என்பது முதற்காரணம். மேலும், தனக்குத் தெரியாதவரைப் பேயாக்குபவர் தனக்கு உண்மையில் எதில் அச்சம் என்பதைத் தேடாமலே தப்பித்துவிடுகிறார்.

நண்பர்களோடு சேர்ந்து விளையாடினால் பயம் போய்விடாதா?

பாதி போய்விடும், அந்த இடத்தைச் சிரிப்பு எடுத்துக்கொள்ளும். ‘ஃபாஸ்மோஃபோபியா’ (2020), ‘லீத்தல் கம்பெனி’ (2023) இரண்டும் இதை அறிந்தே செய்யப்பட்டவை. தூரம் கூடக் கூட நண்பரின் குரல் தேய்கிறது. அவர் இறந்துவிட்டால் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. மறுமுனை மௌனமானதும், கூட்டமாக வந்தவர் தனியாளாகிவிடுகிறார். ஃபாஸ்மோஃபோபியாவில் உங்கள் மைக்கில் பேசுவதைப் பேயும் கேட்கும்.

எவ்வளவு நேரம் நீள வேண்டும்?

பயம் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். ஒரே இடத்தில் பலமுறை இறந்து இறந்து தொடங்கினால் பேயின் நடமாட்டம் மனப்பாடமாகி, அது ஒரு தடையாக மட்டும் மிஞ்சும்.

இதில் ஒரு வணிகச் சிக்கல் இருக்கிறது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். தொண்ணூறு நிமிடத்தில் முடியும் விளையாட்டை முழுதாக ஆடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் எமிகா கேம்ஸ் என்ற சிறு உருவாக்குநர் இதையே காரணமாகச் சொல்லி வேலையை நிறுத்துவதாக அறிவித்தார். அதற்காக நடைபாதைகளை நீட்டி இரண்டு மணி நேரத்தைத் தாண்டவைப்பது விளையாட்டைக் கெடுக்கும். விலையைக் குறைவாக வைப்பதே எனக்குத் தெரிந்த நேர்மையான வழி.

எந்த மென்பொருள்? எவ்வளவு செலவாகும்?

விளையாட்டை உருவாக்கும் கோடோ என்ஜினும், முப்பரிமாண உருவங்களைச் செய்யும் பிளெண்டரும் முற்றிலும் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ஸ்டீமில் ஒரு விளையாட்டை வெளியிட 100 டாலர் கட்டணம் உண்டு. சிறு விளையாட்டுகள் அதிகம் வெளியாகும் இட்ச் தளத்தில் கட்டணமில்லை. முதல் விளையாட்டை இட்சிலேயே போடுங்கள்.

என் பிள்ளைக்குப் பத்து வயது. ஃப்ரெடி பொம்மை வேண்டும் என்கிறான். விளையாட விடலாமா?

பொம்மை விற்கிறார்கள் என்பதால் விளையாட்டு சிறுவர்களுக்கானது ஆகிவிடாது. வயது மதிப்பீட்டைப் பாருங்கள், யூடியூபில் ஒருவர் விளையாடும் காணொளியை முதலில் நீங்கள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காணொளியில் பார்ப்பவருக்கு அந்தப் பயம் பாதிகூட வராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கதவை மூடுவதா வேண்டாமா என்ற முடிவு அங்கே வேறொருவருடையது.

செய்து முடித்தபின் எனக்கே பயமாக இல்லையே, எப்படிச் சோதிப்பது?

உங்களுக்குப் பயமாக இருக்காது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, பின்னால் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். “பயமா இருந்துச்சா?” என்று பிறகு கேட்பதில் பயனில்லை, நண்பர்கள் உங்கள் மனம் நோகாமல் பதில் சொல்வார்கள். அவர் எங்கே நடையை நிறுத்துகிறார், எந்தக் கதவுக்கு முன்னால் சுட்டியை அசைக்காமல் வைத்திருக்கிறார், எங்கே தேவையில்லாமல் திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தயங்கிய இடத்தில் நீங்கள் எதையுமே வைத்திருக்காவிட்டால், அங்கே புதிதாக எதையும் வைக்காதீர்கள். தயங்காமல் ஓடிக் கடந்த அறைகளில் என்னென்ன பொருள்கள் நிறைந்திருக்கின்றன என்று பார்த்து, அவற்றில் பாதியை எடுத்துவிட்டு, அடுத்த வாரம் வேறோர் ஆளை உட்காரவையுங்கள்.